நெருப்பு தரும் குளிர்

ஜப்பானின் தலைநகரான டோக்கியோவில் ஆகஸ்டு மாதம். வெளியே புழுக்கம் தாங்க முடியவில்லை. பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்திலுள்ள இயந்திர அறைக்குள் நுழைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு பெரிய இரும்புக் கலத்தினுள் எரிவாயு நீலச் சுவாலையுடன் எரிந்துகொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலனை யாரோ அணைக்க மறந்துவிட்டார்களோ என்று நாம் எண்ணுவோம். உண்மையில் அந்த நெருப்புத்தான் மேல்மாடிகளையெல்லாம் குளிர்வித்துக்கொண்டிருக்கிறது!

நெருப்பைக் கொண்டு குளிரை உண்டாக்க முடியுமா? முடியும். அதில் மாயம் ஏதுமில்லை. நாம் பள்ளியில் படித்த பௌதிகமே போதும். ஆனால், இத்தகைய இயந்திரத்தை ஒரு கட்டடத்தில் நிறுவுவதிலும், பழுது கண்டு திருத்துவதிலும் ஓர் உண்மையை மறக்கவே கூடாது. இந்த இயந்திரத்தின் ஒரு பகுதிக்குக் காற்று தாராளமாகக் கிடைத்தாக வேண்டும். மற்றொரு பகுதிக்குள் காற்று அணுவளவும் புகக் கூடாது. முதலாவதில் தவறினால் மனித உயிருக்கு ஆபத்து. இரண்டாவதில் தவறினால் இயந்திரத்தின் உயிருக்கு ஆபத்து. எப்படி என்று பார்ப்போம்.

குறைந்த அழுத்தத்தில் கொதிக்கும் நீர்

உள்ளங்கையில் சிறிது ஸ்பிரிட்டை ஊற்றினால் சில்லென்றிருக்கிறது. ஸ்பிரிட் ஆவியாவதற்கு வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை அது நம் கையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்பானை நீர் குளிர்ந்திருப்பதும் இதனால்தான். ஒரு கிலோகிராம் நீர் 5 டிகிரி செல்சியசில் ஆவியாக ஏறத்தாழ 595 கிலோகலோரி வெப்பத்தை உட்கொள்ளும். இதையே உள்ளுறை வெப்பம் என்கிறோம்.

ஆனால், நீர் 100 டிகிரியில் அல்லவா கொதிக்கும்? அது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தில், அதாவது பாதரசமானியில் 760 மில்லிமீட்டர் அழுத்தத்தில். அழுத்தம் குறையக் குறையக் கொதிநிலையும் குறையும். மாணவர்கள் இதை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். ஊசி மாட்டாத பெரிய பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்றில் கால் பாகம் வெந்நீரை உறிஞ்சுங்கள். நன்கு ஆவி பறக்கும் நீராக இருக்கட்டும். கையில் படாமல் பெரியவர் ஒருவரின் துணையுடன் செய்யுங்கள். உள்ளே உள்ள காற்றை வெளியேற்றி, நுனியை அடைத்துக்கொண்டு, தண்டைப் பலமாகப் பின்னுக்கு இழுங்கள். அடுப்பே இல்லாமல் நீர் குமிழியிட்டுக் கொதிப்பதைக் காண்பீர்கள்.

அழுத்தத்தை 760 மில்லிமீட்டரிலிருந்து ஆறரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்துவிட்டால் நீர் 5 டிகிரியிலேயே கொதிக்கும். அப்படிப்பட்ட வெற்றிடக் கலம் ஒன்றினுள் குழாய்களை அமைத்து, கட்டடத்திலிருந்து 12 டிகிரியில் திரும்பி வரும் நீரை அக்குழாய்களுக்குள் ஓடவிடுகிறார்கள். குழாய்களின் மேல் வேறு நீரைத் தெளிக்கிறார்கள். தெளித்த நீர் கொதித்து ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைக் குழாய்களுக்குள் ஓடும் நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 12 டிகிரியில் நுழைந்த நீர் 7 டிகிரியில் வெளியேறுகிறது. இந்தக் குளிர்ந்த நீரை மாடிகளுக்கு அனுப்பி, அதன்மேல் விசிறியால் காற்றை ஊதினால் அறைகள் குளிர்ந்துவிடும்.

ஆவியை விழுங்கும் உப்பு

இங்கே ஒரு சிக்கல். உண்டான நீராவி அங்கேயே தங்கினால் அழுத்தம் உயர்ந்து, கொதிப்பு நின்றுபோகும். ஆவியை உடனுக்குடன் அப்புறப்படுத்த வேண்டும். மின்சாரத்தால் இயங்கும் குளிர்ப்பதன இயந்திரங்களில் இந்த வேலையைக் கம்ப்ரஸர் செய்கிறது. நாம் காணும் இயந்திரத்திலோ ஓர் உப்பு செய்கிறது.

மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியில் நீர் கசிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலுள்ள ஈரத்தை உப்பு ஈர்த்துக்கொள்வதே காரணம். லித்தியம் புரோமைடு என்னும் உப்புக்கு இந்த ஆற்றல் மிக அதிகம். இதன் செறிந்த கரைசலை அடுத்த கலத்தில் தெளித்தால் அது நீராவியை ஆவலுடன் உறிஞ்சிக்கொள்கிறது. இதை உறிஞ்சு கலம் என்பார்கள்.

ஆவியை உறிஞ்ச உறிஞ்சக் கரைசல் நீர்த்துப்போகும். அதன் ஆற்றல் குன்றும். நெருப்பின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. நீர்த்த கரைசலைப் பம்பு ஒன்று காய்ச்சு கலத்துக்கு ஏற்றுகிறது. எரிவாயு பர்னர் அதைச் சூடாக்குகிறது. நீர் ஆவியாகிப் பிரிகிறது. மீண்டும் செறிவடைந்த கரைசல் உறிஞ்சு கலத்துக்குத் திரும்புகிறது. பிரிந்த ஆவி, கண்டென்சரில் குளிர்ந்து நீராகி, முதல் கலத்துக்கே வந்து சேர்கிறது. இப்படியே சுழற்சி தொடர்கிறது. ஈரத்துணியை வெயிலில் உலர்த்தி மீண்டும் தரை துடைக்கப் பயன்படுத்துவது போல, உப்புக் கரைசலை நெருப்பில் 'உலர்த்தி' மீண்டும் ஆவி உறிஞ்ச அனுப்புகிறோம். அவ்வளவே!

இரு நூற்றாண்டு வரலாறு

இந்த எண்ணம் புதியதன்று. எடின்பரோவில் ஜான் லெஸ்லி என்பார் 1810ஆம் ஆண்டிலேயே வெற்றிடத்தில் கந்தக அமிலத்தைக் கொண்டு நீராவியை உறிஞ்சச் செய்து நீரைப் பனிக்கட்டியாக்கிக் காட்டினார். பிரான்சு நாட்டு பெர்டினாண்டு காரே 1859இல் அம்மோனியாவையும் நீரையும் கொண்டு இயங்கும் இயந்திரத்தை அமைத்தார். ஸ்வீடனில் பிளாட்டன், முண்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் 1922இல், ஓடும் உறுப்பு எதுவுமில்லாமல் வெறும் சுடரால் இயங்கும் குளிர்ப்பெட்டியைக் கண்டுபிடித்தார்கள். லித்தியம் புரோமைடைக் கொண்டு பெரிய கட்டடங்களைக் குளிர்விக்கும் இயந்திரங்கள் 1940களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன.

ஆயினும் இவை பெருமளவில் வேரூன்றிய நாடு ஜப்பான். 1969 நவம்பரில் அலாஸ்காவிலிருந்து திரவ இயற்கை எரிவாயு முதன்முதலாகக் கப்பலில் அங்கு வந்து இறங்கியது. கப்பல்கள் ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருக்கும். ஆனால், எரிவாயுவின் தேவையோ குளிர்காலத்தில்தான் அதிகம். கோடையில் நிலைமை தலைகீழ்: எரிவாயு மிஞ்சும், மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு நேரும். கோடையில் எரிவாயுவாலேயே கட்டடங்களைக் குளிர்வித்தால் இரண்டு குறைகளும் தீரும் அல்லவா? 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபின் இந்த எண்ணம் இன்னும் வலுப்பெற்றது.

காய்ச்சு கலத்தில் எழும் சூடான ஆவியைக் கொண்டு இரண்டாவது கலத்தையும் காய்ச்சும் இருநிலை இயந்திரங்கள் பரவின. ஒருநிலை இயந்திரத்தில் ஒரு பங்கு வெப்பம் செலவிட்டால் ஏறத்தாழ 0.7 பங்கு குளிர்ச்சி கிடைக்கும். இருநிலை இயந்திரத்தில் 1 முதல் 1.2 பங்கு வரை கிடைக்கும். எரிபொருளை மட்டும் கணக்கிட்டால், திறன்மிக்க மின் இயந்திரம் இதைவிடச் சிக்கனமாக இருக்கக்கூடும். மின்தட்டுப்பாடுள்ள இடங்களிலும், ஆலைகளில் வீணாகும் வெப்பம் கிடைக்கும் இடங்களிலும்தான் உறிஞ்சல் முறையின் சிறப்பு வெளிப்படும்.

ஒரு மணி நேரத்தில் ஒரு கூடம் காற்று

இனி, நிறுவும் வேலைக்கு வருவோம். 100 டன் குளிர்த்திறனுள்ள இருநிலை இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு டன் என்பது மணிக்கு 3,024 கிலோகலோரி வெப்பத்தை அகற்றும் திறன். ஆக, இது மணிக்கு மூன்று லட்சம் கிலோகலோரியை அகற்றும். அதற்கு ஏறத்தாழ அதே அளவு வெப்பத்தை எரிவாயு தர வேண்டும். ஒரு கனமீட்டர் இயற்கை எரிவாயு சுமார் 9,000 கிலோகலோரி தருவதாகக் கொண்டால், மணிக்கு 33 அல்லது 34 கனமீட்டர் எரிவாயு செலவாகும்.

ஒரு கனமீட்டர் எரிவாயு முற்றிலும் எரியச் சுமார் பத்து கனமீட்டர் காற்று வேண்டும். எதற்கும் சற்றுக் கூடுதலாக 12 கனமீட்டர் தருவார்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: மணிக்கு 400 கனமீட்டர்! பத்து மீட்டர் நீளமும், பத்து மீட்டர் அகலமும், நான்கு மீட்டர் உயரமும் உள்ள கூடத்தின் காற்று முழுவதையும் இந்த பர்னர் ஒரு மணி நேரத்தில் விழுங்கிவிடும். அறையின் கதவுகளையும் சன்னல்களையும் அடைத்து வைத்தால் என்ன ஆகும்?

காற்று குறைந்தால் நெருப்பு உடனே அணைந்துவிடுவதில்லை, அதுதான் ஆபத்து. எரிவாயுவிலுள்ள கரி முற்றிலும் எரியாமல், கரியமில வாயுவுக்குப் பதிலாகக் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், பிறகு மரணம். நீலச் சுவாலை மஞ்சளாக மாறுவதும், கரி படிவதும் நமக்குக் கிடைக்கும் முன்னறிவிப்புகள். ஆனால், சுவாலை நீலமாக இருப்பதாலேயே ஆபத்து இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. கருவி கொண்டு புகையை அளந்து பார்த்தபின்தான் பர்னரைச் சரிசெய்ததாகக் கருத வேண்டும். இயந்திர அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் இருக்க வேண்டும்.

ஆகவே, இயந்திர அறைக்கு வெளிக்காற்று வரும் நிலையான திறப்புகள் வேண்டும். ஆள் திறந்து மூடும் சன்னலை இதற்கு நம்பக் கூடாது. மழைச்சாரல் அடிக்கிறது என்று ஒருவர் மூடிவிடுவார். மற்றொருவர் அட்டைப் பெட்டிகளை அதன்முன் அடுக்கிவிடுவார்.

நன்மை செய்யப்போய்த் தீமை செய்யும் விசிறி

இயந்திர அறை சூடாக இருக்கிறது என்று சுவரில் ஒரு பெரிய வெளியேற்றும் விசிறியைப் பொருத்திவிடுவது உண்டு. காற்றோட்டம் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால், உள்ளே காற்று வர வழியில்லாமல் வெளியேற்றும் விசிறி மட்டும் ஓடினால் அறையின் அழுத்தம் குறையும். காற்று எந்த வழியிலாவது உள்ளே வரப் பார்க்கும். அங்கே திறந்திருக்கும் பெரிய வழி எது? புகைபோக்கி! மேலே போக வேண்டிய புகை கீழே இறங்கி அறையை நிரப்பும். காற்றோட்டத்துக்காக வைத்த விசிறியே நஞ்சை உள்ளே இழுத்துவிடும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. எரிவாயுக் கசிவு இல்லை என்று முதலில் உறுதிசெய்துகொண்டு, அறைக் கதவுகளைச் சாத்தி, கட்டடத்திலுள்ள விசிறிகளையெல்லாம் ஓடவிட வேண்டும். புகையும் ஊதுவத்தி ஒன்றைக் கதவின் இடுக்கிலும், புகைக்குழாயின் இணைப்புகள் அருகிலும் பிடித்துப் பார்த்தால், காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதை அந்தப் புகையே காட்டிவிடும்.

புகைபோக்கியைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். ஒரு கனமீட்டர் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் நீராவி உண்டாகும். குளிர்ந்த புகைபோக்கியில் அது நீராகி வழிந்து இரும்பை அரிக்கும். எனவே புகைபோக்கிக்கு வெப்பக் காப்பும், அடியில் நீர் வடிய வழியும் தேவை. புகைபோக்கியின் வாய் குளிர்கோபுரத்துக்கு அருகில் இருக்கவும் கூடாது. கோபுரம் தன் விசிறியால் புகையை இழுத்துக்கொள்ளும். அதன் நீர் அமிலத்தன்மை அடைந்து குழாய்களை அரிக்கத் தொடங்கும்.

எரிவாயுக் குழாயின் ஒவ்வோர் இணைப்பையும் சோப்பு நீர் பூசிச் சோதிக்க வேண்டும். தீக்குச்சியைக் கொளுத்திச் சோதிப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். பர்னர் பற்றுவதற்கு முன் விசிறி சிறிது நேரம் ஓடி, எரிகலத்தில் தங்கியுள்ள வாயுவை வெளியேற்றும். சுவாலை தோன்றாவிட்டால் காவல் கருவி வால்வுகளை மூடிப் பூட்டிவிடும். அப்போது பொறுமையிழந்து மீட்புப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் எரியாத வாயு உள்ளே சேரக்கூடும். கடைசியில் ஒரு பொறி வெடிப்பாக முடியலாம். பூட்டிக்கொண்ட கருவி தன் கடமையைச் செய்திருக்கிறது. ஏன் பூட்டியது என்று தேடுவதே நம் கடமை.

காற்று புகக் கூடாத பக்கம்

இயந்திரத்தின் மறுபாதியைப் பார்ப்போம். இதன் கலங்கள் அனைத்திலும் வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவு. ஆகவே ஓட்டை விழுந்தால் உள்ளிருப்பது வெளியே வராது. வெளிக்காற்றுத்தான் உள்ளே புகும். வாசனையும் இல்லை, சொட்டும் இல்லை. அதனால் கசிவைக் கண்டுபிடிப்பது கடினம்.

அழுத்தம் ஆறரை மில்லிமீட்டரிலிருந்து ஏழரை மில்லிமீட்டராக உயர்ந்தாலே நீர் 5 டிகிரிக்குப் பதிலாக 7 டிகிரியில்தான் கொதிக்கும். அதைக் கொண்டு 7 டிகிரி குளிர்நீரைத் தர இயலாது. போதாக்குறைக்குப் புகுந்த காற்று உறிஞ்சு கலத்தின் குழாய்களைத் திரைபோல் சூழ்ந்து, நீராவி கரைசலைச் சேரவிடாமல் தடுக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் உப்புக் கரைசலோடு சேர்ந்து இரும்பையும் செம்பையும் அரிக்கும். அந்த அரிப்பில் ஹைட்ரஜன் பிறந்து வெற்றிடத்தை மேலும் கெடுக்கும். நோயே நோயை வளர்க்கும் நிலை இது.

எனவே நிறுவும்போது கலங்களில் நைட்ரஜனை அழுத்தி நிரப்பி, சோப்பு நீரால் கசிவைத் தேடுவார்கள். பிறகு வெற்றிடமாக்கி, ஒரு நாள் முழுவதும் அழுத்தம் ஏறாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். கலம் மட்டமாக உட்கார்ந்திருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் தெளிக்கும் நீர் ஒரு பக்கமே வழிந்து, பாதிக் குழாய்கள் உலர்ந்துவிடும். நாளடைவில் சேரும் சிறிதளவு வாயுவை அகற்ற வெற்றிடப் பம்பு உண்டு. அது எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தேவைப்படுகிறது என்பதை நாள்தோறும் எழுதி வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை போதுமாக இருந்தது தினம் ஒருமுறையாக மாறினால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

கல்லாகும் கரைசல்

இந்த இயந்திரத்துக்கே உரிய நோய் மற்றொன்று உண்டு. காய்ச்சிய கரைசலில் 100 பங்கு எடையில் 60 பங்குக்கு மேல் உப்புத்தான். அது 65 பங்காகி, வெப்பமும் 40 டிகிரிக்கு இறங்கினால் உப்பு படிகமாகிக் குழாயை அடைத்துவிடும். சர்க்கரைப் பாகு ஆறியதும் கட்டியாவது போலத்தான்.

திடீரென மின்சாரம் நின்றால் இது நேரலாம். நெருப்பு இயந்திரம் என்றாலும் பம்புகளும் விசிறிகளும் மின்சாரத்தால்தான் ஓடுகின்றன. முறைப்படி நிறுத்தும்போது, நெருப்பை அணைத்தபின் பம்புகள் சிறிது நேரம் ஓடி, செறிந்த கரைசலையும் நீர்த்த கரைசலையும் கலந்துவிடும். மின்சாரம் நின்றால் இந்தக் கலப்பு நடப்பதில்லை. மழைக்கால இரவில் குளிர்கோபுரத்து நீர் அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் கரைசல் கட்டியாகலாம். குளிர்விக்கும் நீர் எவ்வளவு குளிர்ந்ததோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. அடைத்த இடத்தை வெளியிலிருந்து மெல்லச் சூடாக்கிப் படிகத்தைக் கரைக்கலாம். ஆனால், காரணத்தைக் களையாவிட்டால் மறுபடியும் அடைக்கும்.

எங்கே தேடுவது?

"குளிர் போதவில்லை" என்று புகார் வந்ததும் நெருப்பைக் கூட்டுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். பெரும்பாலும் இது தவறு. குறை வேறிடத்தில் இருக்க, நெருப்பைக் கூட்டினால் கரைசல் மேலும் செறிந்து கட்டியாகும்.

முதலில் குளிர்கோபுரத்தைப் பாருங்கள். கட்டடத்து வெப்பம், நெருப்பின் வெப்பம் இரண்டையும் அதுதான் வெளியேற்ற வேண்டும். 100 டன் மின் இயந்திரத்துக்குச் சுமார் 120 டன் கோபுரம் போதும். இதற்கோ ஏறத்தாழ 180 டன் தேவை. பழைய மின் இயந்திரத்தை அகற்றி, அதே கோபுரத்தோடு இதை இணைத்தால் வெயில் ஏறியதும் குளிர் குறையும். குழாய்களில் உப்பு நீரின் காரை படிந்திருந்தாலும் இதே நிலைதான். அடுத்ததாக வெற்றிடத்தைப் பாருங்கள். வெற்றிடப் பம்பின் குறிப்பேடு விடை சொல்லும். பிறகு கரைசலின் செறிவைச் சோதியுங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தால் பர்னரையும், எரிவாயுவின் அழுத்தத்தையும், காற்றுத் திறப்புகளையும் சோதியுங்கள். ஆனால், சுவாலை மஞ்சளாக இருந்தாலோ, அறையில் உள்ளவர்களுக்குத் தலைவலி என்றாலோ இந்த வரிசை பொருந்தாது. உடனே எரிவாயுவை மூடி, எல்லோரும் வெளியேற வேண்டும்.

ஆறரை மில்லிமீட்டர் வெற்றிடத்தைக் காக்கும் கலத்தின் பக்கத்திலேயே, மணிக்கு 400 கனமீட்டர் காற்றை உண்ணும் நெருப்பும் இருக்கிறது. காற்று எங்கே வர வேண்டும், எங்கே வரக் கூடாது என்பதை அறிந்தவரே இந்த இயந்திரத்தைக் கையாளத் தகுந்தவர். அடுத்த முறை பெரிய கட்டடம் ஒன்றின் இயந்திர அறையைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால், பளபளக்கும் இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன், சுவரிலுள்ள காற்றுத் திறப்பு அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.